பெயர் எழுதாத அட்டை

இறக்கக்கண்டி நூலகத்துக்குள் பிள்ளைகளின் சத்தம் கேட்டது அறுபத்திரண்டாம் ஆண்டு ஓகஸ்ட் லீவில்தான். அதற்கு முதல் அங்கே யார் வந்தார்கள்? பேப்பர் பார்க்க நாலு பேர், வெயிலுக்கு ஒதுங்க இரண்டு பேர், அவ்வளவுதான். கிராமச் சபை ஒரு கட்டடத்தைக் கட்டி, இரண்டு அலுமாரி நிறையப் புத்தகத்தை அடுக்கி, நஜ்முன் நிஸாவைக் கதிரையில் இருத்திவிட்டு, தன் கடமை முடிந்தது என்று போய்விட்டது. சும்மா இருந்து சம்பளம் வாங்க அவளுக்குத் தெரியவில்லை. என்ன செய்வது, சிலருக்கு அந்தக் குறை இருக்கிறது.

பள்ளிக்கூடம் மூடிய அன்றே வீடு வீடாய் ஏறி இறங்கினாள். அந்தக் கரையில் ஓகஸ்ட் என்றால் கடல் அடங்கிக் கிடந்து மீனை அள்ளிக் கொடுக்கிற காலம். உப்புப் போட, கருவாடு புரட்ட, காகம் துரத்த என்று சின்னக் கைகளுக்கு ஓயாத வேலை. "லீவு விட்டது வேலைக்குத்தானே டீச்சர், புத்தகத்துக்கா?" என்று வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் டீச்சரும் இல்லை. புத்தகத்தோடு இருக்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று ஊருக்குத் தெரியாததால் டீச்சர் ஆனவள். சிரித்தவர்கள் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்து, திரும்பவும் முதலிலிருந்து கேட்பாள். அந்தத் தொல்லை தாங்காமலே பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

கடைசியாய் மசிந்தவன் மஹ்ரூப். சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவன், மூக்கு நுனியில் கோபம். அவனுடைய ஒரே மகள் லைலா நூலகத்துக்குப் போகவேண்டும் என்று சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். மஹ்ரூப் நஜ்முன் நிஸாவை வேலிப் படலைக்கு வெளியிலேயே வைத்துச் சொன்னான்.

"புள்ளய விடுறன் டீச்சர். ஆனா ஒண்டு. அவளுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் உங்கட நூலகத்துக்குப் பூட்டுப் போடுறது நான்தான். பிறகு இந்த ஊர்ல ஒரு புள்ளயும் அங்க வராது."

"நான் பொறுப்பு நானா," என்றாள் அவள். அங்கே அண்ணன் முறைக்கு நானா. சொல்லும்போது அது சின்னச் சொல்லாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். காலையில் வாசிப்பு, பிறகு வாசித்த கதையை எழும்பி நின்று சொல்வது, வியாழக்கிழமை என்றால் நாடகம். இடையிடையே கத்திக் கூரையைக் கிளப்புவார்கள். அதற்கு நஜ்முன் நிஸா ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். அவள் பேசாமல் எழும்பி இரண்டு கைகளையும் தலையில் வைப்பாள். கண்டவர் எல்லாரும் கையிலிருப்பதை விட்டுவிட்டு, தாங்களும் இரண்டு கைகளையும் தலையில் வைத்து வாயை மூடவேண்டும். கடைசியாய் வைக்கிறவர் அன்றைக்குக் கூட்டிப் பெருக்கவேண்டும். தும்புத்தடிக்குப் பயந்து அறை அப்படியே அடங்கிப்போகும். ஊர்ப் பெண்கள் ஜன்னலால் பார்த்துவிட்டு, "என்னடி இது, மையித்து ஊடு மாதிரி எல்லாம் தலையில கை வெச்சிக்கொண்டு," என்று முகத்தைச் சுளித்தார்கள். சாவு விழுந்த வீட்டில்தானே அப்படிக் கை வைப்பது. பிள்ளைகளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.

லீவின் கடைசிக் கிழமைக்கு அவள் ஒரு கண்காட்சி நினைத்தாள். கடல் தந்த சாமான். கரையில் ஒதுங்கியது, வலையில் வந்தது, எதுவானாலும் கொண்டு வரலாம். ஆனால் கொண்டு வந்த பொருளின் பெயரைப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, ஓர் அட்டையில் எழுதி வைக்கவேண்டும். பெயர் இல்லாத சாமானுக்கு மேசையில் இடம் இல்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கிராமச் சபைத் தலைவர் கனகரத்தினம் நேரில் வந்து பார்ப்பார் என்றும் ஏற்பாடு. வருகிறவர் கண்ணில் முதலில் படட்டும் என்று மேசையை வாசலோடு ஒட்டிப் போடுவித்தாள். அந்த மேசைக்கு ஒரு கால் கட்டை. தொட்டால் ஆடும்.

அன்று காலையில் லைலாவும் சித்தி பரீதா என்ற அவள் சிநேகிதியும் ஒரு சாக்கைத் தெருவில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கல்லில் முட்டி, பள்ளத்தில் விழுந்து, இரண்டு படியில் டக்கு டக்கென்று ஏறி, சாக்கு உள்ளே வந்து சேர்ந்தது.

"அம்மாடி, என்ன பாரம்!" என்று லைலா கையை உதறினாள். "எங்கட மீன் பீப்பா மூடிக்குப் பாரம் வைக்கிற சாமான் டீச்சர். நான் பொறக்க முந்தி வாப்பாட வலையில வந்ததாம்."

சாக்குக்குள் கிடந்தது ஒரு முழ நீள இரும்பு உருளை. அடி தட்டை, நுனி கூர். நுனியில் பித்தளை, பச்சையாய்க் களிம்பு ஏறிக் கிடந்தது. நஜ்முன் நிஸா குனிந்து நகத்தால் சுரண்டினாள். சின்னக் கோடுகள் தெரிந்தன, சின்ன இலக்கங்கள் தெரிந்தன. அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. இலக்கம் இருந்தால் அது ஏதோ அளக்கிற கருவி. கப்பல்காரர் ஆழமோ காற்றோ பார்க்க வைத்திருந்ததாக்கும் என்று தன் பாட்டில் முடிவு கட்டினாள். படித்தவள் அல்லவா!

"புளி போட்டுத் தேய்ங்க புள்ளைகள். எழுத்து வரட்டும். அந்த வளையம் சுத்துற சாமான்போல இரிக்கி. மெல்லமாத் திருகிப் பாருங்க," என்றாள். சொன்னது அவள் வாய்தான்.

பிள்ளைகள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். பித்தளை பளபளவென்று வந்தது. மற்றவர்கள் சங்கும் ஆமை ஓடும் கண்ணாடி மிதவையும் வைத்திருந்த மேசையில், இதை நடுவில் படுக்கவைத்து, உருளாமல் இருக்க இரு பக்கமும் சங்கு முட்டுக் கொடுத்தார்கள். முன்னால் ஒரு வெறும் அட்டை. லைலாவுக்கு அழுகை முட்டியது.

"பேர் இல்லாட்டி இடமில்லயெண்டு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?"

"அவர் வாறத்துக்கிடையில கண்டுபிடி. அந்தப் பெட்டிக்குள்ள இங்கிலீசுப் படப் புத்தகங்கள் கிடக்கு, பாரு."

திருகோணமலையை விட்டுக் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை கழித்துவிட்ட பெட்டி அது. லைலா மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் அந்தப் பெட்டியின் முன் சப்பணம் கட்டி இருந்தாள். கப்பல் படம், மணிக்கூட்டுப் படம், திசைகாட்டிப் படம் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துத் தள்ளிவைத்தாள்.

அஸருக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அறை நிறையப் பிள்ளைகள். நஜ்முன் நிஸா அலுமாரிப் பக்கம் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றாள். லைலா ஒரு தடித்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கிடைச்சிட்டுது டீச்சர்! இந்தா, வளையம், கோடு, எல்லாம் அச்சொட்டா அதேதான். இதுக்கு என்ன பேர்?"

நஜ்முன் நிஸா பார்த்தாள். நுனியில் பித்தளை மூடி, அதைச் சுற்றி இலக்கமிட்ட வளையம், ஓர் அம்புக்குறி. பக்கத்தில் அதையே நெடுக வெட்டிக் காட்டியிருந்தார்கள். உள்ளே வெடிமருந்து அடைத்திருந்தது. அதற்கும் கீழே ஒரு போர்க்கப்பல். அதன் இரும்பு வயிறு பழந்துணி போல் கிழிந்து தொங்கியது. இங்கிலீசு அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படிக்க அதிக இங்கிலீசு தேவைப்படவில்லை. பீரங்கிக் குண்டு. அந்த வளையம், அது எப்போது வெடிக்கவேண்டும் என்று நேரம் வைக்கிற வளையம்.

யா அல்லாஹ், திருகிப் பார் என்று சொன்னேனே!

மேசையைத் திரும்பிப் பார்த்தாள். சரீப் அங்கே நின்றான். கொல்லன் மகன். வளையம் கைக்கு மசியவில்லை என்று ஓடிப்போய் வீட்டிலிருந்து வாப்பாவின் குறட்டைக் கொண்டு வந்திருந்தான். குறட்டின் வாய் வளையத்தைக் கவ்வியிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தையும் போட்டு முறுக்கினான். மேசை ஆடியது. அவனைச் சுற்றிக் குஞ்சு குருமான்கள் எல்லாம் தலையை நீட்டிக்கொண்டு நின்றன.

கத்த வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். கத்தினால் என்ன நடக்கும்? குண்டு என்று ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் அத்தனை பிள்ளைகளும் வாசலுக்குத்தான் பாயும். வாசலோடு ஒட்டி அந்த மேசை. அவள் போடுவித்த மேசை. பின் வாசலை மறித்துக்கொண்டு பெரிய அலுமாரி நிற்கிறது. அதைப் பத்து ஆம்பிளைகள் வந்தாலும் உடனே அசைக்க ஏலாது. முன் வாசலில் நெருக்கி அடித்து ஒரு பிள்ளை மேசையில் முட்டினால் போதும்.

நஜ்முன் நிஸா இரண்டு கைகளையும் தலையில் வைத்தாள்.

முதலில் லைலா கண்டாள். புத்தகம் காலடியில் விழ, கைகள் தலைக்குப் போயின. பிறகு அவள் பக்கத்தில் நின்ற பிள்ளை, அதன் பக்கத்தில் நின்றது. சத்தம் ஒவ்வொரு மூலையாய் அணைந்தது. சரீப் மட்டும் குனிந்தபடி முறுக்கிக்கொண்டிருந்தான். சித்தி பரீதா காலால் அவன் காலை மிதித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். தும்புத்தடி நினைவு வந்திருக்கவேண்டும். குறட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலையில் வைத்தான். குறடு வளையத்தில் ஒரு கணம் தொங்கியது. பிறகு வழுக்கி மேசையில் விழுந்தது. டங்!

நஜ்முன் நிஸா கண்ணை மூடித் திறந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் தலையில் கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு இது விளையாட்டு.

பின் ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. அதால் ஏறிக் குதிக்கக்கூடாது என்று லீவு முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். கம்பி போட்டுத் தாருங்கள் என்று சபைக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துமிருந்தாள். நல்லவேளை, சபை வழக்கம்போல ஒன்றும் செய்யவில்லை.

"இண்டைக்கு விளையாட்டு வேற மாதிரி," என்றாள். "சத்தம் போடாம, ஒராள் பின்னால ஒராள், அந்த ஜன்னலால குதிக்கோணும். குதிச்சுப் போய்ப் பள்ளிவாசல் மதிலுக்கு அங்கால குந்தோணும். தள்ளினவருக்கும் கதைச்சவருக்கும் இந்தக் கிழமை முழுக்கத் தும்புத்தடி. சின்ன ஆக்கள் முதல்ல."

பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. டீச்சரே ஜன்னலால் குதிக்கச் சொல்கிறாள்! வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாய் ஏறின. ஒரு வாண்டு ஜன்னல் கட்டையில் காற்சட்டை மாட்டித் தொங்கியது. அவள் அதன் இடுப்பைப் பிடித்து வெளியே தள்ளினாள். முதுகுக்குப் பின்னால் அந்த மேசை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சரீப் போனான். சித்தி பரீதா போனாள். அறை வெறுமையாயிற்று.

லைலா மட்டும் நின்றாள். புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தாள். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"இது கெட்ட சாமானா டீச்சர்?"

"ஓம் மகள். நீ குதி."

"வாப்பாக்குச் சொல்லாம எடுத்துக்கொண்டு வந்தனான்."

"அத நான் பார்த்துக்கொள்ளுறன். நீ முதல்ல குதி."

குதித்திருப்பாள். அதற்குள் முன் வாசல் இருண்டது. மஹ்ரூப் வந்து நின்றான்.

கடலால் வந்தவன், நேரே வருகிறான். கரையில் பாரம் இல்லாத பீப்பா மூடி சரிந்து விழுந்து, காகமும் நாயும் பாதி மீனைக் கிளறிவிட்டிருந்தன. சாக்கு இழுத்த தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. வாசற்படியில் நின்றபடியே மேசையைப் பார்த்தான். தன் சாமான் புளி போட்டு மினுக்கி, மணவறையில் பொம்பிளை மாதிரி நடுவில் இருப்பதைக் கண்டான்.

"ஊட்டுச் சாமானக் களவெடுத்துத்தான் உங்கட படிப்பா?"

ஒற்றைக் கையால் அதைத் தூக்கினான். முட்டுக் கொடுத்திருந்த சங்கு உருண்டு விழுந்து நொறுங்கியது.

"நானா," என்றாள் நஜ்முன் நிஸா, மிக மெல்லமாய். "அத அசைக்க வேணாம். அது குண்டு."

"என்ன?"

"பீரங்கிக் குண்டு நானா. சண்டை நேரத்துக் கப்பல் குண்டு. வெடிக்காமக் கிடந்தது. அல்லாவுக்காக அசையாம நில்லுங்க."

மஹ்ரூப் சிரித்தான். கோபத்தில் வந்த சிரிப்பு. "கள்ளத்த மறைக்க நல்ல கதை கட்டுறீங்க. குண்டாம்! இதைப்போல ஒண்டுலதான் இவள்ட உம்மா ஸல்ஹா நாளாந்தம் தேங்காய் அடிச்சு உடைக்கிறாள். வெடிச்சதா? நான் ஆணி அடிச்சிரிக்கன் இதால. வெடிச்சதா? இந்தா பாருங்க..."

தலைக்கு மேலே உயர்த்தினான். கீழே சீமெந்துத் தரை. போட்டுக் காட்டப்போகிறான்.

லைலா முன்னால் போனாள். அவன் நெஞ்சுக்கு நேரே புத்தகத்தை விரித்துப் பிடித்தாள்.

"வாப்பா, முதல்ல இந்தப் படத்தப் பாருங்க. பார்த்திட்டுப் போடுங்க."

மகள் தனக்கு ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அதனால்தான் பார்த்தான் போலும். உயர்த்திய கை இறங்கவில்லை. கண் மட்டும் இறங்கியது.

"இந்த வளையத்தப் பாருங்க. இந்த அம்பப் பாருங்க. இப்ப உங்கட பெருவிரலுக்குப் பக்கத்துல பாருங்க வாப்பா."

மஹ்ரூபுக்கு எழுத்து வராது. இலக்கம் வரும், மீன் நிறுக்கிறவனுக்கு இலக்கம் வராமல் இருக்குமா? கையை மெல்ல இறக்கினான். புளி தேய்த்த பித்தளையில் அதே கோடு, அதே இலக்கம், அதே அம்பு. பிறகு அவன் கண் பக்கத்தின் அடிக்குப் போனது. கிழிந்த கப்பலில் நின்றது. அவன் பெரிய கப்பல்களைத் துறைமுகத்தில் பார்த்தவன். அந்த இரும்பு எவ்வளவு தடிப்பு என்று அவனுக்குத் தெரியும். நஜ்முன் நிஸாவுக்குத் தெரியாது.

மஹ்ரூப் மற்றக் கையையும் கொண்டுவந்து அதன் அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு ஏந்திக்கொண்டான்.

"டீச்சர்," என்றான். "இப்ப நான் என்ன செய்ய?"

புத்தகத்தில் அது இல்லை. மேசையில் வைக்க ஏலாது, அது ஆடும். தரையில் வைக்க ஏலாது, சீமெந்து. பக்கத்தில் பள்ளிவாசல் மதில், மதிலுக்கு அங்கால் ஊரின் பிள்ளைகள் அத்தனையும்.

"மணலுக்குக் கொண்டு போவம் நானா. அங்க ஆளில்லாத பக்கம்."

"நான் போறன். நீங்க வர வேணாம்."

"நான் முன்னால போறன். கால்ல என்ன தடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாது," என்றாள். லைலாவை ஜன்னலால் இறக்கிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

அந்த நடையை எப்படிச் சொல்வது! நூலகத்திலிருந்து கரைக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு அது திருகோணமலைக்குப் போகிற தூரமாய் நீண்டது. நஜ்முன் நிஸா குனிந்து குனிந்து தேங்காய்ப் பொச்சுமட்டையை எடுத்து எறிந்தாள், கயிற்றை ஒதுக்கினாள், கல்லைக் காலால் தள்ளினாள். மஹ்ரூப் அவள் மிதித்த இடத்திலேயே மிதித்து வந்தான். கலிமாவை ஓதிக்கொண்டு வந்தான். பாதி வழியில் நின்றுவிட்டான்.

"கண் தெரியல்ல டீச்சர். வேர்வை கண்ணுக்குள்ள போகுது."

நஜ்முன் நிஸா திரும்பி வந்தாள். தன் சேலைத் தலைப்பை எடுத்து அவன் நெற்றியையும் கண்ணையும் துடைத்துவிட்டாள். ஊர் பார்த்தால் என்ன கதைக்கும் என்று அந்த நேரத்தில் யார் நினைப்பது? கதைக்க ஊர் மிஞ்சவேண்டும் முதலில்.

வள்ளம் இழுத்துப்போட்ட ஒரு பள்ளம் தாழைப் பற்றைக்கு அப்பால் வெறுமையாய்க் கிடந்தது. மஹ்ரூப் முழங்காலில் குந்தி, முழங்கையை மணலில் ஊன்றி, அதைக் கிடத்தினான். கையை உருவி எடுக்கத்தான் நெடுநேரம் எடுத்தான். பிறகு இருவரும் பின்னுக்குப் பின்னுக்கு நடந்து, அதற்குப் பிறகு ஓடி, பள்ளிவாசல் மதிலுக்கு வந்து விழுந்தார்கள். மஹ்ரூப் மணலில் மல்லாந்துவிட்டான். கனகரத்தினத்தின் கார் அப்போதுதான் வந்து நின்றது. விசயத்தைக் கேட்ட மனிதர், இறங்க வைத்த காலைத் திரும்பக் காருக்குள் இழுத்துக்கொண்டு, பொலிசுக்கும் கடற்படைக்கும் அறிவிக்க வந்த வேகத்திலேயே திரும்பினார்.

பிள்ளைகள் முழுசாய் இருந்தார்கள். நஜ்முன் நிஸா ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொல்லி முடியவில்லை, மனத்துக்குள் ஏதோ இடறியது. என்ன சொன்னான் இவன்? இதைப்போல ஒண்டுல.

"நானா, தேங்காய் உடைக்கிறது இதுலயா, இதைப்போல வேற ஒண்டுலயா?"

மஹ்ரூப் கண்ணைத் திறந்தான். எழும்பி இருந்தான்.

"வலையில சோடியாத்தான் வந்தது," என்றான். "மத்தது குசினி வாசல்ல." எழும்பப் பார்த்தான். கால் மடிந்து திரும்பவும் விழுந்தான். "பின்னேரக் கறிக்குத் தேங்காய்... என்ட அல்லாவே!"

லைலா அதற்குள் ஓடிவிட்டாள். நஜ்முன் நிஸா சேலையை முழங்காலுக்கு வாரிக்கொண்டு பின்னால் ஓடினாள். குறுகிய ஒழுங்கையின் மணல் காலைப் பிடித்து இழுத்தது. கூப்பிட்டால் கேட்குமா? கூப்பிட மூச்சு இல்லை. மஹ்ரூபின் கிடுகு வேலி தெரிந்தது. வேலிக்கு அங்காலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டொக்.

நஜ்முன் நிஸா நின்ற இடத்தில் நின்றாள். உலகமே நின்றது. ஒன்றுமில்லை. ஒரு காகம் கத்தியது. வேலிக்குள்ளிருந்து ஸல்ஹா, "முத்தல் தேங்காய், ஒரு அடியில பிளக்குதா பாரு," என்று தன் பாட்டில் முணுமுணுத்தாள்.

லைலா படலையில் நின்றாள். அவளுக்குத் தாய் தெரிந்தாள். குந்தியிருந்து, பாதி வெடித்த தேங்காயை இரண்டாம் அடிக்கு ஓங்கிய தாய். கீழே குசினி வாசலில் அந்த இரும்பு. உம்மா என்று கத்த வாயைத் திறந்தாள். ஓடி வந்த ஓட்டத்தில் காற்றுத்தான் வந்தது, சொல் வரவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. லீவு முழுக்கப் பழகிய கைகள். இரண்டும் தலைக்குப் போயின.

ஸல்ஹா தற்செயலாய் நிமிர்ந்தாள். படலையில் மகள், வாய் திறந்தபடி, இரண்டு கையும் தலையில். பின்னால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சர். கடலுக்குப் போன புருசனை இன்னும் காணவில்லை. கடல்காரன் பெண்சாதிக்கு அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

"யா அல்லாஹ்! அவருக்கு என்ன? அவருக்கு என்னடி?"

தேங்காய் அவள் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்து உருண்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டு படலைக்கு ஓடிவந்தாள். நஜ்முன் நிஸா அவளை இறுக்கிப் பிடித்து ஒழுங்கைக்கு இழுத்தாள். அந்தப் பக்கம் மஹ்ரூப் வேலியைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தான். உயிரோடு வருகிற புருசனைக் கண்டதும் ஸல்ஹாவுக்கு வந்ததே ஒரு கோபம்! இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்தினாள். "என்னக் கொல்லவா பார்த்தீங்க வாப்பாவும் மகளும்? இதென்ன விளையாட்டு?" என்று குத்திக் குத்தி அழுதாள். அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான். அவனும் அழுதான்.

கடற்படைக்காரர் வந்து, ஊரைத் தள்ளி நிறுத்தி, இரண்டையும் எடுத்துப்போனார்கள். மறுநாள் காலையில் ஆளில்லாத கரையில் வெகுதூரத்தில் வைத்து வெடிக்க வைத்தார்கள். ஊர் முழுக்க நூலகத்து முன்றலில் கூடி நின்று பார்த்தது. முதலாவது வெடித்தபோது காலுக்குக் கீழே மண் குலுங்கியது. இரண்டாவது அதைவிடப் பெரிதாய் வெடித்தது. மணல் தென்னை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். ஸல்ஹா கத்தவில்லை. தேங்காய் பிடிக்கிற தன் வலது கையை விரித்து வைத்து, அதை யாருடைய கையோ போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சத்தம் அடங்கியதும் சனம் மஹ்ரூபைப் பார்த்தது. அவன் படலையில் வைத்துச் சொன்ன சொல் ஊருக்கே தெரியும். நஜ்முன் நிஸா இரவு முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். திருகிப் பார் என்று சொன்னவள் அவள். மேசையை வாசலில் போடுவித்தவள் அவள். யாரும் கேட்கும் முன்பே நூலகச் சாவியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"நான் பொறுப்பெண்டு சொன்னனான் நானா. பூட்டுப் போடுறதெண்டா நீங்களே போடுங்க."

மஹ்ரூப் சாவியை வாங்கினான். அவன் படியேறினான். செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தான். பூட்டைத் திறந்து, கதவை இரண்டு பக்கமும் முழுசாய்த் தள்ளினான். மேசை அப்படியே இருந்தது. மிஞ்சிய சங்குக்குப் பக்கத்தில் அந்த வெறும் அட்டையும் இருந்தது.

அவன் மேசையைத் தன்னந்தனியாய் இழுத்து வாசலை விட்டுத் தள்ளிப் போட்டான். பிறகு திரும்பி மகளைக் கூப்பிட்டான்.

"உள்ளுக்குப் போ மகள். நேத்து நீ பேர் பார்த்தது ரெண்டு சாமானுக்குத்தான். எங்கட ஊட்டுல இன்னும் எவ்வளவோ கிடக்கு."